பனல் வீடு: தட்டிப் பார்ப்பதற்கு முன் கீறிப் பாருங்கள்

என் மேசையில் ஒரு சாண் அகலச் சுவர்த் துண்டொன்று எப்போதும் கிடக்கும். இரண்டு பக்கமும் மெல்லிய சீமெந்துத் தகடு, நடுவில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் மணிகள் கலந்த சீமெந்து, மொத்தமாக 3 அங்குலத் தடிப்பு. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டுகிற இந்த மாதிரிச் சுவர்ப் பலகையைத்தான் பனல் என்கிறோம். வீடு கட்டும் யோசனையோடு, கிளிநொச்சியில் வீட்டுப்படம் கீறுகிற எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், கதிரையில் இருந்ததும் அதை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கல்லுச் சுவர் தட்டினால் 'தொம்' என்று அடங்கும். இது 'டொக்' என்கிறது. அந்த 'டொக்'கோடு பாதிப் பேருக்கு மனம் விட்டுப்போகும்.

விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா தட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, திரும்பவும் எங்களைத் தகரத்துக்குள்ளயா விடப்போறியள்?" 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்தில் இருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகும் சில வருடம் தகரக் கொட்டிலில் வெந்தவர். சுவிஸில் இருக்கும் மகள் வீடியோவில் ஒரு பனல் வீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, மூன்று வாரத்தில முடிஞ்சிடுமாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தாய்க்குத் தகரம் ஞாபகம், மகளுக்கு மூன்று வாரம். நடுவில் நான்.

அந்த அம்மாவின் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று 2016இல் ஒரு திட்டம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே, விறகடுப்புக்கு இடம் எங்கே, உள்ளூர் மேசனுக்கு வேலை எங்கே என்று பொறியியலாளர்களும் ஊர்ச்சனமும் கேட்டார்கள். கடைசியில் அது நடக்கவில்லை. கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் அதோடு 'தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டுகிற வீடு' என்றாலே இரும்புப் பெட்டிதான் என்ற எண்ணமும் ஊரில் நின்றுவிட்டது.

உண்மையில் அது ஒரே சாமான் இல்லை, பல வகை. இரும்புச் சட்டம் நிறுத்தி அதில் தகடு அடிப்பது ஒன்று. இரண்டு தகரத்துக்கு நடுவே ரெஜிபோம் வைத்த பனல் இன்னொன்று. என் மேசையில் கிடக்கிற சீமெந்துப் பனல் வேறொன்று. மேல்மாடி போடுகிறவர்கள் ஏற்கனவே வாங்குகிற நேர்ட் சிலாப்பும் இந்தக் குடும்பம்தான்: வார்த்துக் கொண்டுவந்த பீம்களை அடுக்கி, மேலே கம்பிவலை விரித்து மெல்லிய கொங்கிறீற்று ஊற்றுகிறோம். கறையானுக்குப் பயந்து மரத்துக்குப் பதில் கொங்கிறீற்று நிலை வாங்கி வைக்கிறோமே, அதுவும் இதே வேலைதான். அதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

சரி, சிக்கல் எங்கே வருகிறது என்றால், சுவரில் இல்லை, எங்கள் பழக்கத்தில். வன்னியில் வீடு ஒரேயடியாக முடிவதில்லை. அத்திவாரம் ஒரு வருடம், சுவர் அடுத்த நெல்லு வித்த பிறகு, கூரை மகன் காசு அனுப்பினால். நடுவில் யாராவது பெரியவர் வந்து, "குசினி வாசலை இந்தப் பக்கம் வைச்சால் நல்லது" என்பார். மேசன் நாலு கல்லைத் தட்டி எடுத்து வாசலை மாற்றிவிடுவார். நாங்கள் கட்டிக்கொண்டே யோசிக்கிறவர்கள். பனல் வீட்டில் அது முடியாது. பனல் வெட்டப்படுவது வேறு ஊரில், உங்கள் கையெழுத்து விழுந்த படத்தின்படி. அதற்குப் பிறகு நகர்த்துகிற ஒவ்வொரு யன்னலுக்கும் காசும் கிழமைகளும் போகும். அந்த விசுவமடு வீட்டில் நாங்கள் படத்தோடு மல்லுக்கட்டியது 4 மாதம். வளவில் பனல் எழும்பியது 9 நாளில். விளம்பரத்தில் வருகிற 'மூன்று வாரம்' அந்த 9 நாள் மாதிரி, வளவில் பூட்டுகிற நாட்களைப் பற்றிய கதைதான். பிரதேச சபை அனுமதி, அத்திவாரம், ஓடர் கொடுத்துக் காத்திருப்பது எதுவும் அதில் இல்லை.

அதனால் நான் முதல் சந்திப்பில் வீட்டுப்படம் கீறுவதில்லை. கேள்விதான் கேட்பேன். விறகில் சமைக்கிறீர்களா? சாமித்தட்டு எந்தச் சுவரில்? தண்ணித்தாங்கி எங்கே? நெல்மூட்டை எங்கே அடுக்குவீர்கள்? சிலருக்கு இது பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். ஆனால் தகரப் பனலுக்குள் இருக்கும் சாதாரண ரெஜிபோம் 100 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். அதை விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். குசினியையும் குளியலறையையும் சீமெந்துக் கல்லில் உள்ளூர் மேசன் கட்டட்டும், விறாந்தையும் அறைகளும் பனலில் வரட்டும் என்பதுதான் பெரும்பாலும் என் முடிவு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு இடைவெளி விட்டு மூடவேண்டும், சேர்த்துப் பூசினால் முதல் கோடையிலேயே நேர்கோடாக வெடிக்கும். முழுவதும் பனல் விற்க வருகிறவர்களுக்கு இந்தக் கலப்பு பிடிப்பதில்லை. பிடிக்காமல் போகட்டும்.

இனி நிலம். "பாரம் குறைஞ்ச வீடுதானே, அத்திவாரமும் சின்னனாய்ப் போதும்" என்று ஒரு கதை உலாவுகிறது. கிரவல் தரையில் ஓரளவுக்குச் சரி. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களியில் இது ஆபத்தான கதை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களி போனது முருங்கனிலிருந்துதான், அவ்வளவு பேர்பெற்ற களி. மாரியில் தண்ணீர் குடித்து ஊதும், ஆவணி புரட்டாதியில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஊதுகிற களி கனமான வீட்டைவிட இலேசான வீட்டைத்தான் சுலபமாகத் தூக்கும், ஏனென்றால் மேலிருந்து அமத்துகிற பாரம் அங்கே இல்லை. ஒரு மூலை ஒரு அங்குலம் எழும்பினாலே பனல் மூட்டுகள் வாய்திறக்கும், கதவு நிலையில் இறுகும். களியைத் தேவையான ஆழத்துக்கு அகற்றிக் கிரவல் போட்டு இறுக்கி, சுவர்களுக்குக் கீழே கம்பி கட்டிய பீம் சுற்றிவர ஓடவேண்டும். கூரைத் தண்ணீர் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் விழாமல் சுற்றிச் சீமெந்துத் தளமும் வேண்டும். வாங்குகிற பனலில் மிச்சம் பிடித்த காசு இங்கே போய்விடும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

தரைமட்டம் இன்னொரு கதை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்த இரவை மறந்தவர்கள் பனல் வாங்கலாம், வீட்டு மட்டத்தை மட்டும் அவர்கள் தீர்மானிக்கக் கூடாது. அன்றைக்கு உங்கள் வளவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுக் கிழவரைக் கேளுங்கள், அவர் வேலிக் கதியாலில் தொட்டுக் காட்டுவார். அதற்கு மேலே வையுங்கள். தரை கொங்கிறீற்று ஊற்றும் முன் கறையான் மருந்தையும் மறக்க வேண்டாம். கறையான் ரெஜிபோமைத் தின்னாது, ஆனால் அதைக் குடைந்து வழி போட்டு மேலே கூரை மரத்துக்குப் போய்விடும், வெளியில் ஒரு அடையாளமும் தெரியாமல்.

இலேசான வீட்டைப் பிடித்து வைத்திருப்பது போல்ற்றுகள்தான். புயல் காற்றும் சோளகமும் கூரையை அமத்துவதைவிட மேலே இழுப்பதில்தான் கெட்டிக்காரர்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு இரும்புச் சட்ட வீட்டுக்கு, அத்திவாரப் போல்ற்றுகளை மேசன் கண்மட்டத்தில் வைத்துக் கொங்கிறீற்று ஊற்றிவிட்டார். சட்டம் லொறியில் வந்து இறங்கிய அன்று 14 போல்ற்றில் 5 ஒரு அங்குலம் விலகி நின்றன. பூட்ட வந்த பெடியங்கள் சுத்தியலால் வளைக்கத் தொடங்கினார்கள். நான் போய்ச் சேரும்போது இரண்டை வளைத்தாயிற்று. வளைத்த போல்ற்று பார்வைக்கு நிற்கும், இழுவைக்கு நிற்காது. துளைபோட்டு இரசாயனப் பசை வைத்துப் புதிதாய் நட்டோம், 6 நாள் போனது. தவறு மேசனுடையது இல்லை, என்னுடையது. கல்வீட்டில் ஒரு அங்குலத்தைப் பூச்சில் மறைக்கலாம் என்று வளர்ந்தவரிடம், அரை நூல்கூடப் பிசகக் கூடாத வேலையைப் பேச்சில் விளங்கப்படுத்திவிட்டு வந்திருந்தேன். இப்போது பிளைவூட்டில் துளைபோட்ட அச்சை நானே கொண்டுபோய், போல்ற்றுகளை அதில் மாட்டின பிறகுதான் கொங்கிறீற்று.

லொறி வருமா என்பதையும் போய்ப் பாருங்கள். ஒழுங்கை வளைவு, மதகின் பலம், தாழ்ந்து தொங்கும் கரண்ட் வயர். கிரேன் வேண்டிய சாமான் என்றால் மாரிக்கு முன் கொண்டுவர வேண்டும், ஐப்பசிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கைகள் உழுத வயல்.

காசில் ஒரு எச்சரிக்கை. வங்கிக் கடனும் வீட்டுத்திட்டக் காசும் அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத்தான் கைக்கு வரும். பனல் செய்கிறவர்களோ வெட்டுவதற்கு முன்பே பெரிய பங்கு கேட்பார்கள். அந்த நேரம் உங்கள் வளவில் அத்திவாரம் மட்டும்தான் இருக்கும், வங்கிக்குக் காட்ட வேறொன்றும் இராது. உறுதி இல்லாமல் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் காணிக்கு இன்னும் கஷ்டம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முன் வங்கியில் போய் இதை நேரே கேளுங்கள். முற்பணத்தோடு ஓடிப்போன ஆட்களைப் பற்றியும் எனக்கு இரண்டு கதை தெரியும், இங்கே வேண்டாம்.

வெக்கையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மெல்லிய சுவர் பகலில் கெதியாய்ச் சூடேறும், இரவில் கெதியாய் ஆறும். நீளச் சுவர்களை வடக்குத் தெற்காய்ப் பார்க்க வைத்து, மேற்கில் யன்னலைக் குறைத்து, தாழ்வாரத்தை 3 அடிக்குக் குறையாமல் இழுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். மிச்சத்துக்கு ஒரு வேம்பு, ஆனால் களிநிலத்தில் சுவரை விட்டுத் தள்ளி.

அந்த அம்மாவின் வீட்டுக்கு வருகிறேன். எல்லாம் பேசி, படம் ஏழாவது தடவை கீறி முடித்துக் கையெழுத்து வாங்கப் போன அன்று, "தம்பி, ஏணை எதில கட்டுறது?" என்று கேட்டார். மகள் அடுத்த வருடம் பிள்ளையோடு வருகிறாளாம். நான் எழுந்து நின்று படத்தைப் பார்த்தேன். கூரை மெல்லிய இரும்பு, உட்கூரை ஒட்டுப் பலகை. ஆட்டி ஆட்டி இழுக்கிற பாரத்தைத் தாங்கக் குறுக்கு வளை ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. மின்விசிறிக்கே தனியாய்ச் சட்டம் போட்டிருந்தேன், ஏணையை நினைக்கவில்லை. நடு அறைக்குக் குறுக்கே ஒரு தடித்த இரும்பு வளை சேர்த்து, கொழுக்கியும் கீறி, பக்கத்தில் பென்சிலால் 'ஏணை - 1' என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலைப் பொறியியலாளர் போன் எடுத்தார், இந்த 'ஏணை' எந்தக் கொம்பனியின் சாமான், எங்கே வாங்கலாம் என்று.