கால் வைக்கும் படியைக் கண் பார்ப்பதில்லை

செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகளுக்கு ஆறு வயது. பத்துமலையில் 272 படிகளையும் யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிட்டாள். ஆனால் தினமும் ஏறி இறங்கும் எங்கள் அடுக்குமாடிப் படியில், பாலர்பள்ளிக் கதையைச் சொல்லிக்கொண்டே வரும்போது தடுக்கி விழுகிறாள். திருஷ்டி என்கிறார் மாமியார். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. கண்ணில் ஏதும் கோளாறா?”

கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு இல்லை. மிளகாயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: “கதையைச் சொல்லிக்கொண்டே.”

நாம் விழாமல் நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்குகிறது: உட்செவி, தசை–மூட்டு–பாதம், கண். இது பள்ளிப்பாடம். சின்ன வயதில் இந்த மூன்றில் கண் சொல்வதுதான் எடுபடும் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். 1974இல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் இருவரும் அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை ஒரு சிறிய அறைக்குள் நிற்க வைத்தார்கள். தரை அசையாது, சுவர்கள் மட்டும் மெல்ல நகரும். சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தே போனார்கள். பாதம் ‘தரை அசையவில்லை’ என்கிறது, கண் ‘நீ சாய்கிறாய்’ என்கிறது. குழந்தை கண்ணை நம்பியது.

வளர வளர, எந்த நேரத்தில் எதை நம்புவது என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஷம்வே-குக், வூலகாட் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கிலிருந்து ஆறு வயதுவரை இது நிலையில்லாமல் இருக்கும். ஏழிலிருந்து பத்துக்குள் ஏறக்குறைய பெரியவர்களைப் போல ஆகிவிடும். உங்கள் மகள் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறாள்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. படி இறங்கும்போது எந்தப் படியைப் பார்க்கிறீர்கள்? கால் வைக்கும் படியை என்றுதான் நினைப்போம். கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்யும் கருவியை மாட்டிவிட்டுப் பார்த்தால், பார்வை பெரும்பாலும் மூன்று படி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கால் வைக்கும் நேரத்தில் அந்தப் படியை விட்டுக் கண் எப்போதோ நகர்ந்துவிட்டது. அதாவது ஓரிரு நொடி பழைய தகவலை நம்பித்தான் கால் இறங்குகிறது. பார்வையின் கீழ் விளிம்பு மட்டும், நாம் கவனிக்காமலேயே, காலையும் படியோரத்தையும் மேற்பார்த்துக்கொண்டிருக்கும். படிவரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணுக்கு வேலை அதிகம். நடுவில் மூளை ‘எல்லாம் ஒரே அளவுதான்’ என்று வைத்துக்கொண்டு தாளத்தில் போய்விடுகிறது.

நம் மலேசிய நாட்டு 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சொல்வதோடு, எல்லாப் படியும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றும் சொல்வது இதனால்தான் அவ்வளவு முக்கியம். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு ரயில் நிலையப் படிக்கட்டில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிடச் சற்றே உயரமாக இருந்தது. 2012இல் ஒருவர் அதைப் படம் பிடித்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதே படியில் தடுக்கினார்கள், அத்தனை பேரும் விவரம் தெரிந்த பெரியவர்கள்!

மூளையின் இந்தக் கணக்கை நல்லதுக்கும் ஏமாற்றலாம். பிரிட்டனில் டேவிட் எலியட் குழுவினர் 2009இல் படியின் செங்குத்துப் பக்கத்தில் நெட்டுக்கோடுகள் வரைந்தார்கள். படி உண்மையைவிட உயரமாகத் தெரிந்தது. ஏறியவர்கள் காலைக் கூடுதலாகத் தூக்கி வைத்தார்கள், தடுக்கும் வாய்ப்பு குறைந்தது. 2018இல் பத்துமலைப் படிகளுக்கு வண்ணம் பூசியபோது எனக்கு இந்தக் கோடுகள்தான் ஞாபகம் வந்தன. என்ன, செங்குத்துப் பக்கம் ஏறுகிறவருக்குத்தான் தெரியும். இறங்குகிறவருக்குப் படியின் ஓரம் பளிச்சென்று தெரிந்தால்தான் உதவி.

சரி, பேச்சு எங்கே வந்து கெடுக்கிறது? ஒட்டுக்கடையில் தே தாரே ஆற்றும் அண்ணன் வாடிக்கையாளரோடு அரட்டை அடித்துக்கொண்டே ஆற்றுவார். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தால் பாதி தேநீர் தரையில்தான். உங்களுக்குப் படி இறங்குவது கைவந்த வேலை. உங்கள் மகளுக்கு இன்னும் இல்லை, அதற்கும் கவனம் தேவை. கதையும் அதே கவனத்தைக் கேட்கிறது. வயதானவர்களுக்கும் இந்தச் சிக்கல் திரும்பி வருகிறது: பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள்.

அவள் கதை சொல்லும்போது நீங்களே கவனித்துப் பாருங்கள். சுவாரசியமான இடம் வந்ததும் தலையை அண்ணாந்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்தக் கணம் பார்வையின் கீழ் விளிம்பிலிருந்து படி காணாமல் போகிறது. கைப்பிடியைப் பிடித்திருந்த கை அபிநயத்துக்குப் போய்விடுகிறது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சமநிலை சிரமமான இடங்களில் தலையையும் உடம்பையும் ஒன்றாக விறைத்து வைத்திருப்பார்கள். தலை திரும்பினால் தோளும் கூடவே திரும்பும். அளவையும் யோசியுங்கள். 115 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 18 செ.மீ. படி என்பது, 170 செ.மீ. ஆளுக்கு ஏறக்குறைய 27 செ.மீ. படி.

பத்துமலையில் அவள் ஏறினாள், கவனமெல்லாம் படியில். அடுக்குமாடியிலோ மாடிக்கு மாடி படி முடிந்து முடிந்து தொடங்குகிறது. கண் அதிகம் தேவைப்படும் இடங்கள் அவைதான். ஏறும்போது தடுக்கினால் கை ஊன்றலாம். இறங்கும்போது பாதம் படியைத் தொடும்வரை அது எங்கே இருக்கிறது என்று கண்ணைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் நாலைந்து படி வைத்துத்தான் அளக்கிறார்கள். மின்தூக்கி பழுதாகி, முதுகில் புத்தகப்பையோடு எட்டாவது மாடிக்கு ஏறும் நம் பிள்ளைகளை அளக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு நிதி கொடுத்தால் என்ன? ராக்கெட் விடும் செலவா ஆகப்போகிறது?

இப்போதைக்கு இவ்வளவு செய்யுங்கள். படி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கதைக்கு இடைவேளை விடச் சொல்லுங்கள். பையோ பொம்மையோ நெஞ்சோடு அணைத்து வரவேண்டாம், கீழே பார்வை மறையும். விளக்கு எரியாத தளம் இருந்தால் நிர்வாகத்திடம் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், நல்ல வெளிச்சத்தில், ஒன்றும் பேசாமல் இறங்கும்போதும் அவள் தடுக்கினால், அல்லது காலால் படியைத் துழாவினால், கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஒரு கண் மங்கலாக இருந்தால் ஆழம் சரியாகப் பிடிபடாது. பிள்ளைகள் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.