பிளாசிபிள்: ஏற்கத்தக்கது எது?

'பிளாசிபிள்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிளாடெரே' என்றால் கைதட்டுதல். கைதட்டி வரவேற்கத் தகுந்தது என்பதே முதலில் இதன் பொருள். போகப் போக அது, 'கேட்டால் சரியாகத்தான் படுகிறது, ஆனால் இன்னும் நிரூபணமாகவில்லை' என்றானது. அந்த 'இன்னும்' விடுபட்டால் செய்தியே மாறிவிடும்.

மாறித்தான் போனது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் கீழ் இஸ்ரேல்மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. தென்னாப்பிரிக்கா பாதுகாப்புக் கோரும் உரிமைகளில் சிலவாவது பிளாசிபிள் என்றது உத்தரவு. ஊடகங்கள் பலவும் 'இனப்படுகொலைக் குற்றச்சாட்டு பிளாசிபிள்' என்று வாசித்தன. உத்தரவின்போது நீதிமன்றத் தலைவராக இருந்த ஜோன் டொனஹியூவே ஏப்ரலில் பிபிசி பேட்டியில் இதைத் திருத்தினார். இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை பாலஸ்தீனர்களுக்கு உண்டு என்ற வாதத்தைத்தான் நீதிமன்றம் அப்படிச் சொன்னது, குற்றச்சாட்டை அல்ல என்றார். அந்த உரிமைக்கு ஈடுசெய்ய முடியாத பாதிப்பு வரும் அபாயம் இருப்பதாக உத்தரவு சொன்னதையும் குறிப்பிட்டார். உரிமையையும் குற்றச்சாட்டையும் அப்படி முற்றாகப் பிரிக்க முடியுமா என்று சட்ட அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனாலும் உத்தரவில் அந்தச் சொல் 'உரிமைகள்' என்பதோடுதான் நிற்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நம்பத்தகுந்த' வேண்டாம்; அது சாட்சிக்கும் தகவலுக்கும் உரிய சொல். 'முகாந்திரம் உள்ளது' நம் நீதிமன்றச் செய்திகளில் நன்றாகப் பழகியது, ஆனால் கேட்டதும் குற்றம்தான் நினைவுக்கு வரும். பழைய பிழையே திரும்ப வந்துவிடும். 'சாத்தியமான' நடக்கக்கூடியதைக் குறிக்கும். 'முதல்நோக்கில் ஏற்கத்தக்க உரிமை' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'உரிமை' என்பதை ஒருபோதும் விடக்கூடாது.

தவறாக வாசித்த ஒலிபரப்பு, திருத்தத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இணையப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டால், காதால் கேட்டவருக்கு அது போய்ச் சேராது. 'முந்தைய செய்திக்கு ஒரு விளக்கம்' என்று மழுப்பவும் வேண்டாம். இப்படிச் சொல்லலாம்: "இனப்படுகொலைக் குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கத்தக்கது என்றதாகச் சொன்னோம். அது தவறு. தென்னாப்பிரிக்கா பாதுகாப்புக் கோரும் உரிமைகளில் சிலவாவது முதல்நோக்கில் ஏற்கத்தக்கவை என்றே உத்தரவு கூறுகிறது. இனப்படுகொலை நடந்ததா, இல்லையா என்று நீதிமன்றம் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை."