கல்லீரலில் சிக்கிய முட்டை

சிஸ்டோசோமா என்ற புழு நம் ரத்தக் குழாய்க்குள்ளேயே ஜோடியாகக் குடித்தனம் நடத்தும், அதுவும் வருடக்கணக்கில். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு உயிருள்ள புழு உள்ளே கிடந்தும் வெள்ளை அணுக்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நம் உடம்பின் மூலக்கூறுகளையே எடுத்துத் தன் தோலில் பூசிக்கொள்ளும் தந்திரம் அதற்குக் கைவந்த கலை.

தகராறு முட்டையால் வருகிறது. இந்தப் புழுவில் மான்சோனி என்ற வகை நாளொன்றுக்குச் சுமார் 300 முட்டை இடும். அவை குடல் சுவரைத் துளைத்து மலத்தோடு வெளியேற வேண்டும். ஏறக்குறைய பாதி வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கிவிடும். அவற்றில் நிறைய ரத்தத்தோடு போய்க் கல்லீரலில் மாட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் குஞ்சு உயிரோடு இருக்கும்வரை முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே புரதங்கள் கசியும். அவற்றில் சில கல்லீரல் செல்களுக்கு விஷம்.

உடனே டி-செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளை அணுக்கள் ஆள் சேர்க்கின்றன. மேக்ரோஃபேஜ், ஈசினோஃபில் என்று வேறு வெள்ளை அணுக்களும் அடுக்கடுக்காக வந்து முட்டையைச் சுற்றி வளைக்கின்றன. இந்த உருண்டைக்குக் கிரானுலோமா என்று பெயர். எதிர்ப்பு அணுக்கள் இப்படித் திரள்வது அழற்சி. அழற்சி என்றாலே கெட்டது என்று நினைப்போம். இங்கே விஷத்தை அடைத்து வைக்கும் சுவரே அதுதான். சுவர் கட்டும் வேலையை முன்நின்று நடத்துபவை இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற சமிக்ஞைப் புரதங்கள். இன்டர்லூக்கின்-4 இல்லாத எலிகள் தொற்றின் ஆரம்பக் கட்டத்திலேயே மோசமாகிச் செத்துப்போகின்றன.

சரி, சுவர் அளவுக்கு மீறிப் போனால்? இன்டர்லூக்கின்-13 தழும்புத் திசுவையும் வளர்க்கும். தழும்பு ஏற ஏறக் கல்லீரலுக்குள் ரத்தம் நுழைய வழியில்லாமல் அழுத்தம் கூடும், உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைக்கும். அவை வெடித்து ரத்த வாந்தி எடுத்தே பலர் இறக்கிறார்கள். ஆளைக் கொல்வது புழு அல்ல, தழும்பு.

அதனால் பிரேக் வேண்டும். இன்டர்லூக்கின்-10தான் அது. ஒழுங்குபடுத்தும் டி-செல்கள், பி-செல்கள், ஏன், மேக்ரோஃபேஜ்கள்கூட அதைச் சுரக்கின்றன. இந்த பிரேக்கின் மதிப்பை டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறொரு ஒட்டுண்ணி பளிச்சென்று காட்டியது. இன்டர்லூக்கின்-10 இல்லாத எலிகள் அந்த ஒட்டுண்ணியை நன்றாகவே அடக்கின. அப்புறம் தங்கள் அழற்சியாலேயே இறந்தன.

சிஸ்டோசோமா தொற்று மாதக்கணக்கில் நீடிக்கும்போது பிரேக் நன்றாகப் பிடிக்கத் தொடங்கும். அதே கல்லீரலில் புதிதாக வந்து சிக்கும் முட்டையைச் சுற்றி எழும் கிரானுலோமா, ஆரம்ப வாரங்களில் எழுந்ததைவிடச் சிறியதாக இருக்கும்.