மீனுக்கு வளரும் நரம்பு, மீன் தின்பவருக்கு வளராது

"டொக்டர், மீனுக்குக் கண் நரம்பு அறுந்தாலும் திரும்ப வளருதாம். உண்மையே?"

ஏதோ ஒரு வீடியோ வன்னி முழுக்கச் சுற்றுகிறது. மாங்குளத்தில் இருந்து வருபவரும் கேட்கிறார், விசுவமடுவில் இருந்து வருபவரும் கேட்கிறார். கேட்பதில் பிழையில்லை. கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவுக்குத் தினமும் விட வேண்டிய துளி மருந்தை நிறுத்திவிட்டு, மீன் தின்றால் தங்கள் நரம்பும் வளரும் என்று விரால் தலையை அவித்துக் குடித்துக்கொண்டு, கிளினிக் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டு வந்து கேட்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போன கிழமை வந்த ஐயாவுக்குக் கண் அழுத்தம் 38. கிளினிக் கொப்பியில் முந்தைய பதிவு 16. பக்கத்தில் நின்ற மனைவி நீட்டிய கொப்பியை வாங்க அவர் கை இரண்டு முறை காற்றைத் துழாவியது. நேரே இருக்கும் எழுத்துப் பலகையை மட்டும் கடைசி வரிக்கு முந்தின வரி வரை வாசித்தார். "பார்வை நல்லாத்தானே இருக்கு" என்றார். குளுக்கோமா பார்வையை ஓரத்தில் இருந்துதான் தின்னத் தொடங்கும். பெரும்பாலும் நோவும் இருக்காது.

வீடியோ சொல்வது பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அது உண்மை. தங்கமீனிலும் சீப்ரா மீனிலும் பார்வை நரம்பை வெட்டினால், விழித்திரையில் இருக்கும் நரம்புக் கலங்களில் பெரும்பாலானவை சாவதில்லை. புதிய இழைகளை மூளை வரை நீட்டுகின்றன. சில கிழமைகளில் மீன் மறுபடி பார்க்கிறது. 1963 இல் அத்தார்டி, ரொஜர் ஸ்பெரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்கமீனின் விழித்திரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நரம்பையும் வெட்டிப் பார்த்தார்கள். மிஞ்சிய இழைகள், மூளையில் காலியாகக் கிடந்த இடங்களைக் கடந்து, தங்கள் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஸ்பெரிக்கு 1981 இல் நோபல் பரிசு வேறு ஆய்வுக்காகத்தான் கிடைத்தது. என்னைக் கேட்டால் இதற்கே கொடுத்திருக்கலாம்.

வளர்ந்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் போய்ப் பொருந்தவும் வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஓர் ஓணான் இனத்துக்கு இழைகள் மூளை வரை வளர்கின்றன, ஆனால் ஒழுங்கு தவறிப் போய்ச் சேர்கின்றன. அந்தக் கண் குருடாகவே இருக்கிறது.

நமக்கு ஒரு கண்ணின் நரம்பில் சுமார் 10 இலட்சம் இழைகள். அறுந்தால் அவற்றின் கலங்கள் செத்துப்போகின்றன, மிஞ்சியவையும் வளர்வதில்லை. 2008 இல் எலியில் ஒரு மரபணுவை நீக்கிச் சில இழைகளை வளர வைத்தார்கள். எலியில்தான். 2023 மே மாதம் நியூயோர்க்கில் முதன்முறையாக ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றி வைத்தார்கள். கண் உயிரோடு இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது. பார்வை வரவில்லை.

சரி, இப்போது சாப்பாட்டுக் கதைக்கு வருகிறேன். மீனின் நரம்பு வளர்வது அந்த மீனின் கலங்களுக்குள் நடக்கும் வேலை. நீங்கள் தின்ற கண், இரைப்பையில் மற்ற எந்த மீன் துண்டையும் போலத்தான் செரிக்கும். அங்கே போனதும் புரதம் புரதமாக இருக்காது, உடைந்துவிடும். "நான் யாருடைய கண்" என்ற விலாசத்தோடு எதுவும் இரத்தத்தில் ஏறாது. பல்லிக்கு வால் முளைக்கிறது என்பதற்காகப் பல்லியைத் தின்று, வெட்டுப்பட்ட விரல் முளைக்கும் என்று யாரும் காத்திருப்பதில்லையே. முல்லைத்தீவுக் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் தலைச் சொதி வைக்கிறார்கள். அங்கே இருந்தும் குளுக்கோமாவோடு என்னிடம் வருகிறார்கள். மீன் எண்ணெய்க் குளிசையும் இதே கதைதான். மீனால் கண்ணுக்கு நன்மை உண்டு, விற்றமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு ஈரல் எண்ணெய் உதவும். அது வேறு வருத்தம். மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள், துளியையும் தவறாமல் கண்ணில் விடுங்கள்.

துளி முடிகிறது என்றால் முடிவதற்கு முன்னமே வாருங்கள். இரண்டு வகைத் துளி தந்திருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் அழுத்திப் பிடியுங்கள். உங்களுக்குக் குளுக்கோமா என்றால், 40 வயது தாண்டிய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரையும் கூட்டிவாருங்கள், குடும்பத்தில் ஓடும் வருத்தம் இது. சூடு அடிக்கும் காலத்தில் தூசு பட்டுக் கண் கடித்தால், கடையில் ஸ்டீரொயிட் துளியை வாங்கி மாதக்கணக்கில் விடாதீர்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

மோட்டார் சைக்கிள் ஓடும் தம்பிமாருக்கு: ஹெல்மெட் சைக்கிளின் பக்கக் கண்ணாடியில் தொங்குவதற்கு இல்லை. பொலிஸைக் கண்டதும் தலையில் ஏற்றிவிட்டு வாரைப் பூட்டாமல் போவதும் அதே கணக்குத்தான். ஏ9 வீதியில் விழுந்து புருவ எலும்பில் அடிபட்டால், வெளியில் ஒரு சிறு காயம் மட்டும் இருக்கும், உள்ளே நரம்பு போயிருக்கும். வீங்கிய இமையை விரித்து, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்வை தெரிகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் வேண்டாம். மெதனோல் கலந்திருந்தால் ஒரே இரவில் இரண்டு கண்ணும் போகலாம். காசநோய்க்கு எதம்பியூட்டோல் எடுப்பவர்களுக்குச் சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தால் உடனே மருந்து தந்த கிளினிக்கில் சொல்லுங்கள்.

2009 போரில் செல் பீஸ் (குண்டுச் சிதறல்) பட்டு நரம்பு போனவர்களும் அவர்களின் வீட்டாரும் இந்த வீடியோவோடு வருகிறார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. தயவுசெய்து, நரம்பு வளர்க்கும் ஊசி என்று யாராவது சொன்னால் காணியை ஈடு வைத்துவிடாதீர்கள். புளோரிடாவில் ஆளுக்கு 5,000 டொலர் கட்டி, இரண்டு கண்ணிலும் ஸ்டெம் செல் ஊசி போட்ட மூன்று பெண்களுக்கு இருந்த பார்வையும் போனது. 2017 இல் மருத்துவ இதழில் வெளியான விவரம் இது. அவர்களுக்கு இருந்தது நரம்புக் காயம்கூட இல்லை, விழித்திரை வருத்தம். யாராவது அப்படி ஊசிக்குக் கூப்பிட்டால், காசு கட்டுவதற்கு முன் அவர்கள் தந்த கடதாசியை ஏதாவது ஓர் அரச கண் கிளினிக்கில் காட்டுங்கள். அதற்கிடையில் ஒரு வெள்ளைப் பிரம்புக்குக் கேளுங்கள். கைப்பேசியில் திரையைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதி இலவசமாகவே இருக்கிறது, வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுப் பழகுங்கள்.