புது சாஃப்ட்வேர் வாங்கும் முன் ஒருமுறை ஸ்டோர்ஸுக்குப் போய்ப் பாருங்கள்

போன மாதம் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் உரிமையாளர் கூப்பிட்டார். மூன்றே வருடத்தில் 30 பேரிலிருந்து 150 பேராக வளர்ந்த நிறுவனம். புது ஈஆர்பி, அதாவது கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர், போட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. "சிஸ்டத்தில் ஸ்டாக் காட்டுகிறது, போய்ப் பார்த்தால் ஸ்டோர்ஸில் இல்லை. ஸ்டோர்ஸில் இருப்பது சிஸ்டத்தில் இல்லை. இந்த சாஃப்ட்வேர் சரியில்லை சார், நல்லதாக வேறு ஒன்று சொல்லுங்கள்" என்றார்.

இந்த வருடத்தில் இதே பேச்சைக் கேட்பது எனக்கு இது நான்காவது முறை. நிறுவனம் வேறு, தொழில் வேறு, வாங்கிய சாஃப்ட்வேரும் வேறு. புகார் மட்டும் மாறவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேராக ஸ்டோர்ஸுக்குப் போனேன். அங்கே பதினொரு வருடமாக வேலை பார்ப்பவர் மேசையில் ஒரு நீள நோட்டு. எந்தச் சாமான் எந்த ரேக்கில், நேற்று எவ்வளவு போனது, எந்த சப்ளையரின் லோடு எப்போதும் கொஞ்சம் குறைந்து வரும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதில் ஐந்து சாமான்களைப் பொறுக்கி எடுத்து எண்ணிப் பார்த்தோம். ஐந்தும் நோட்டோடு ஒத்துப்போனது. சிஸ்டத்தோடு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

காரணம் தேட அரை நாள் போதுமானதாக இருந்தது. ஒரே போல்ட்டுக்கு மூன்று ஐட்டம் கோடு (சிஸ்டத்தில் ஒரு சாமானை அடையாளம் காட்டும் எண்). கொள்முதலில் அதைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், ஸ்டோர்ஸில் எண்ணிக்கையில் கொடுக்கிறார்கள், ஒரு கிலோவுக்கு எத்தனை என்பதை யாரும் சிஸ்டத்தில் ஏற்றவில்லை. ஆரம்ப இருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். போன வருடக் கணக்கு முடிப்பிலிருந்து எடுத்துப் போட்டார்களாம். "அண்ணே, இதைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டார்களா?" என்றேன். "மீட்டிங் எல்லாம் மேலே நடந்தது சார், என்னைக் கூப்பிடவில்லை" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு மாதம் திட்டம் போட்டிருக்கிறார்கள். எத்தனையோ கூட்டம். சரக்கைக் கையால் தொடுகிற ஒரே மனிதர் அதில் ஒன்றில்கூட இல்லை.

என்னை அதிகம் வருத்தும் நம்பிக்கை இதுதான்: சாஃப்ட்வேர் வந்தால் ஒழுங்கும் கூடவே வந்துவிடும். வராது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்கு படித்தவர்கள், தொழிலில் கெட்டிக்காரர்கள், எல்லோரும் இதில்தான் வழுக்குகிறார்கள்.

ஒரு ஈஆர்பி உங்களிடம் கேள்விகள் கேட்கும். அதன் வேலையில் பாதி அதுதான். இந்தச் சரக்கு எப்போது உங்கள் ஸ்டாக் ஆகிறது? கேட்டுக்குள் லாரி வந்ததுமா, இறக்கி எண்ணியதுமா, தரம் பார்த்து முடித்த பிறகா? தள்ளுபடி கொடுக்க யாருக்கு அதிகாரம், எவ்வளவு வரை? வாடிக்கையாளர் பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பாதி எந்தக் கணக்கில் நிற்கும்? இதற்கெல்லாம் பதில் சாஃப்ட்வேரிடம் கிடையாது, உங்களிடம்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால், அதை நிறுவ வந்த பையன் தனக்குத் தோன்றியதை டிக் செய்துவிட்டுப் போவான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு உங்கள் தொழில் தெரியாது.

ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன், இன்றே செய்து பாருங்கள். மேலே சொன்ன முதல் கேள்வியை உங்கள் ஸ்டோர்ஸ் ஆளிடமும், கணக்குப் பிரிவிலும், உற்பத்தி மேலாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் மூன்று பதில் வந்திருக்கிறது. அப்படி வந்தால் நீங்கள் இன்னும் சாஃப்ட்வேர் வாங்கத் தயாராகவில்லை. அந்த மூன்றையும் ஒன்றாக்குவதுதான் முதல் வேலை, அதற்கு ஒரு வெள்ளைத் தாள் போதும்.

15 பேர் இருந்தபோது இந்தக் குழப்பம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. யாருக்கு எவ்வளவு கடன் விடலாம், எந்த ஆர்டரை முதலில் அனுப்பலாம் என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. நிறுவனம் வளர்ந்ததும் அந்தக் குரல் எல்லோரையும் எட்டுவதில்லை. அவரவர் ஊகித்து வேலை செய்கிறார்கள், ஊகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சரியாக அந்த நேரத்தில்தான் ஒருவர் லேப்டாப்போடு வந்து டெமோ காட்டுகிறார். டெமோவில் எல்லாச் சரக்கும் சரியாக இருக்கும், எந்த வாடிக்கையாளரும் எதையும் திருப்பி அனுப்ப மாட்டார். தயவுசெய்து அந்தத் தரவை வைத்து முடிவெடுக்காதீர்கள். போன வருடம் உங்களை அதிகம் படுத்திய ஓர் ஆர்டரை எடுத்துக் கொடுங்கள். மூன்று தவணையாகப் போனது, நடுவில் விலை மாறியது, ஒரு பெட்டி உடைந்து திரும்பி வந்தது என்று ஒன்று நிச்சயம் இருக்கும். அதை ஆரம்பம் முதல் பில் வரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவர்களிடம் வாங்காதீர்கள்.

பழைய வேலைமுறையின் மேல் புதுக் கருவியை அப்படியே வைப்பது இன்று பிறந்த தவறு இல்லை. 1880களில் மின்சாரம் விலைக்குக் கிடைக்க ஆரம்பித்தது. அப்போது தொழிற்சாலைகளில் ஒரு பெரிய நீராவி எஞ்சின், அதிலிருந்து நீண்ட தண்டு, தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெல்ட். பல முதலாளிகள் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. பெரிய லாபம் ஒன்றும் வரவில்லை. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, வேலை நகரும் வரிசைப்படி தொழிற்சாலையையே மாற்றி அமைத்த பிறகுதான், 1920களில், உற்பத்தித் திறன் தாவியது. பொருளியல் அறிஞர் பால் டேவிட் 1990-ல் இதைக் கணினியோடு ஒப்பிட்டு எழுதினார். சுமார் நாற்பது வருடம் ஆகியிருக்கிறது, தண்டையும் பெல்ட்டையும் விட்டு வெளியே வர.

அப்புறம், காலம். பெரிய நிறுவனங்கள் பணத்தை வைத்துச் சமாளித்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஹெர்ஷியின் கதையைச் சொல்வேன். அந்தச் சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் புது சிஸ்டம் போட்டது. 48 மாதம் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். மூன்று வெவ்வேறு சாஃப்ட்வேர், ஒரே நேரத்தில். 1999 ஜூலையில், அதாவது குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரத்தில், ஓட்ட ஆரம்பித்தார்கள். சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது. ஹெர்ஷி எழுந்து நின்றது. உங்கள் நிறுவனத்தால் ஒரு சீசனை இழந்துவிட்டு எழ முடியுமா? முடியாது என்றால் சீசனில் மாற்றாதீர்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு குடோன் அல்லது ஒரு பொருள் வகை, அது நிலைத்த பிறகு அடுத்தது. பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஓட்டலாம், ஆனால் முடிவுத் தேதியை முதலிலேயே எழுதி ஒட்டிவிட்டு. இரட்டை வேலையை யாராலும் நெடுநாள் தாங்க முடியாது, சத்தமில்லாமல் ஒன்றைக் கைவிடுவார்கள், அது பெரும்பாலும் புதியதாகத்தான் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "நாங்கள் எப்படிச் செய்கிறோமோ அப்படியே சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுங்கள்." லிடில் என்ற ஜெர்மானிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2011-ல் தொடங்கிய ஒரு சிஸ்டத்தை 2018-ல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ. இருப்பை அவர்கள் வாங்கிய விலையில் மதிப்பிடுவார்கள், அந்த சாஃப்ட்வேரின் வழக்கமான அமைப்போ விற்கும் விலையில் மதிப்பிடும். தங்கள் வழக்கத்தை விடாமல் சாஃப்ட்வேரைத் திருத்திக்கொண்டே போனது முக்கியக் காரணமாக அப்போது செய்திகளில் பேசப்பட்டது. என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: உங்கள் வழக்கம் ஒன்றினால் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருகிறார் என்றால் அதைக் காப்பாற்ற சாஃப்ட்வேரை மாற்றுங்கள். "அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்" என்பது மட்டுமே காரணம் என்றால் வழக்கத்தை மாற்றுங்கள்.

எக்செலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது சிஸ்டம் வந்ததும் "இனி யாரும் எக்செல் வைத்திருக்கக் கூடாது" என்று உத்தரவு போடுகிறார்கள். அப்படிப் போடக் கூடாது. உங்கள் சிஸ்டத்தில் ஏதோ குறைகிற இடத்தில்தான் அந்த எக்செல் முளைத்திருக்கிறது. எல்லாவற்றையும் திரட்டி உட்கார்ந்து பாருங்கள், எங்கே என்ன தேவை என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஆனால் முக்கியமான வேலையை அதிலேயே காலத்துக்கும் ஓட்டவும் கூடாது. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது, அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. அத்தனை பேரின் தொடர்புகளைத் தேடிப் பிடிப்பது நாள்கணக்கில் தாமதமானது.

பேக்கப் பற்றி இனிமேல் நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. "பேக்கப் எடுக்கிறோம் சார்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். கிட்லேப் மென்பொருள் வல்லுநர்களால் ஆன நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால், சாஃப்ட்வேர் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்களுக்கே இப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில், முழுதாக மீட்டெடுத்துப் பாருங்கள். செய்தவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டு வெளியாள் ஒருவரிடம் மட்டும் இருந்தால் இன்றே வாங்கி வையுங்கள்.

புத்தாக்கம் என்று வரும்போதும் இதே கோளாறுதான். தனி அறை, தனிக் குழு, சுவரில் வண்ணம். கடைசியில் ஸ்டோர்ஸ் ஆளின் பிரச்சினை அந்த அறைக்குள் நுழைவதே இல்லை. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் ஒரு பலவீனமான பசையைக் கண்டுபிடித்தார், அதற்கு ஒரு பயனும் தெரியவில்லை. 1974-ல் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியருக்குத் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு நழுவி விழுந்துகொண்டே இருந்தது. சில்வரின் பசையைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருந்ததால்தான் இரண்டும் சேர்ந்தன. 1980-ல் போஸ்ட்-இட், அதாவது ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டு, அமெரிக்கச் சந்தை முழுவதற்கும் போனது. சிக்கல் உள்ளவரும் தீர்வு உள்ளவரும் ஒருவரை ஒருவர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

எந்தப் புது முயற்சியையும் சிறியதாகத் தொடங்குங்கள். தொடங்கும் முன்பே, எந்தத் தேதியில் பார்ப்போம், எந்த எண் வந்தால் நிறுத்துவோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தும் முடிவை எடுக்க வேண்டியது உரிமையாளர். யோசனை சொன்னவரைத் தோற்றதற்காகத் திட்டினால் அடுத்த யோசனை உங்கள் காதுக்கு வராது. ஏஐ போடலாமா என்று இப்போது தினம் ஒருவர் கேட்கிறார். ஒரு போல்ட்டுக்கு மூன்று கோடு இருக்கும் தரவில் எதைப் போட்டாலும் மூன்று பதில்தான் வரும்.

அந்த நிறுவனத்தில் வேறு சாஃப்ட்வேர் வாங்கவில்லை. உரிமையாளருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை, என்றாலும் இரண்டு நாள் டிஸ்பாட்சை நிறுத்த ஒத்துக்கொண்டார். எல்லாச் சரக்கையும் கையால் எண்ணினோம். கோடுகளை ஒன்றாக்கினோம். இனி புது ஐட்டம் கோடு திறக்கும் உரிமை ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு மட்டும்தான், திங்கட்கிழமை கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் உண்டு. நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். மாதக் கடைசி எண்ணிக்கை தொடர்ந்து மூன்று முறை சிஸ்டத்தோடு ஒத்துப்போகட்டும், அதுவரை அது அந்த மேசையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.