கொல்லும் சொல் கூச வைக்கும் சொல்லான கதை

அலுவலக வீடியோ கூட்டம். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண் வீட்டில் யாரையோ திட்டுகிறார். இருபது பேர் காதில் விழுகிறது. மறுநாள் தோழியிடம் ஆங்கிலத்தில், "ஐ வாஸ் மார்ட்டிஃபைட்" என்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால், "நான் சாகடிக்கப்பட்டேன்" என்று இருக்கிறது.

நமக்கு இது விநோதமாகப் படாது. "நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு" என்று சொல்கிறவர்கள்தானே நாம்? அதனால், சாவைக் குறித்த ஆங்கிலச் சொல் ஒரே தாவலில் அவமானத்துக்கு வந்திருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அது ரசவாதி வீடு, மடாலயம், அறுவை மேசை எல்லாம் சுற்றி, ஏறக்குறைய 300 ஆண்டு கழித்துத்தான் அங்கே வந்து சேர்ந்தது.

லத்தீனில் 'மோர்ஸ்' என்றால் சாவு. அதோடு 'செய்தல்' என்ற வினை சேர்ந்து 'மோர்டிஃபிகாரே' ஆனது: சாகச் செய்தல். அரசு மருத்துவமனையில் நாம் சொல்லும் 'மார்ச்சுவரி' அதன் நெருங்கிய சொந்தம். இன்னும் பின்னால் போனால் வடமொழியின் 'மிருத்யு'வும் அதே வேர்தான். சாவு இல்லாதது என்று பொருள்படும் 'அமிர்தம்' வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்ததால், மார்ட்டிஃபையும் அமிர்தமும் தூரத்து உறவு.

லத்தீன் பைபிளில் சாமுவேலின் தாய் அன்னாள் பாடும் பாட்டில் இந்த வினை நேரடியாகவே வருகிறது. "கர்த்தர் கொல்லுகிறவரும் உயிர்ப்பிக்கிறவருமாயிருக்கிறார்" என்று தமிழில் இருக்கும் இடம் அது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'கொல்' என்ற பொருள் அப்படியே இருந்தது.

ஆனால் எதைக் கொல்வது? ஆங்கிலக் கவிஞர் சாசர் அந்த நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஒரு கதையில் ஒரு போலி ரசவாதி வருகிறான். பாதிரியார் ஒருவர் முன்னால், இந்தப் பாதரசத்தை 'மார்ட்டிஃபை' செய்து நல்ல வெள்ளியாக்கிக் காட்டுகிறேன் என்கிறான். பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் 'குவிக்சில்வர்' என்று ஒரு பெயர் உண்டு. 'குவிக்' என்றால் அன்றைக்கு வேகம் அல்ல, உயிருள்ளது. தட்டில் ஊற்றினால் ஓடி ஒளிகிற உயிருள்ள வெள்ளி. ஓடாமல் உறைய வைத்தால் அதைக் கொன்றதாகக் கணக்கு. அவனோ, துளையிட்ட அடுப்புக்கரிக்குள் வெள்ளித்தூளை அடைத்து மெழுகால் மூடி வைத்திருந்தான். மெழுகு உருகியது, வெள்ளி இறங்கியது, பாதிரியார் 40 பவுண்டு பணம் கொடுத்து அந்த வித்தையை வாங்கினார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். உயிரே இல்லாத ஒரு பொருளின் துள்ளலை அடக்குவதற்கும் 'கொல்' பொருந்தும் என்று மொழி அங்கே பழகிவிட்டது.

மனசும் அதே மாதிரி துள்ளும் பொருள்தானே? பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை 'அழித்தால்' பிழைப்பீர்கள் என்று ஒரு வரி. 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் அந்த இடத்தில் நிற்பது 'மார்ட்டிஃபை'. உண்ணாநோன்பு, முரட்டுத் துணி, சாட்டை என்று துறவிகள் ஆசையைக் கொன்ற பழக்கத்துக்கே இது பெயரானது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் இதை 'ஒறுத்தல்' என்பார்கள். "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்" என்ற குறளில் அதே சொல் இருக்கிறது. பக்கத்திலேயே நாணமும் இருக்கிறது. தண்டிப்பதும் நாண வைப்பதும் தமிழில் அன்றைக்கே ஒரே அடியில் சந்தித்துவிட்டன.

இதற்கிடையில் மருத்துவர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். காலில் காயம், ரத்த ஓட்டம் நின்று சதை கறுக்கிறது, ஊசியால் குத்தினால் நோயாளி முகம் சுளிப்பதில்லை. உடம்பு உயிரோடு இருக்க ஒரு பகுதி மட்டும் செத்துப்போகும் இந்த அழுகலுக்கு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் 'மார்ட்டிஃபிகேஷன்' என்பது சாதாரணப் பெயர். அதற்கு முன்பே ஷேக்ஸ்பியரிடம் சதை சாவது, ஆசை அடங்குவது என்ற இரண்டு பொருளையும் பார்க்கலாம். 'கிங் லியர்' நாடகத்தில் பிச்சைக்காரர்கள் முள்ளும் ஆணியும் குத்திக்கொள்ளும் மரத்துப்போன கைகள் 'மார்ட்டிஃபைடு' கைகள். 'ஐந்தாம் ஹென்றி'யில் தந்தையின் மூச்சு நின்றதுமே மகனுடைய முரட்டுத்தனமும் 'மார்ட்டிஃபை' ஆகிச் செத்ததுபோல் அடங்குகிறது.

சரி, வெட்கம் எங்கே வந்தது? துறவி கொல்ல வேண்டிய ஆசைகளில் தலையாயது தற்பெருமை. அதைக் கொல்ல ஒரே வழி அதை நோகடிப்பது, தன்னைத் தாழ்த்திக்கொள்வது. எனவே 'பெருமையை மார்ட்டிஃபை செய்' என்ற தொடர் சகஜமானது. 17ஆம் நூற்றாண்டில் இந்தத் தொடர் மடத்துச் சுவரைத் தாண்டிப் பேச்சுமொழிக்கு வந்துவிட்டது. அங்கே ஒருவருடைய பெருமையை நோகடிக்க அவரே வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் போதும்.

1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் இந்தத் திருப்பம் கண்ணெதிரே தெரிகிறது. நடன விருந்தில் நாயகன் டார்ஸி, நாயகி எலிசபெத்தின் காதுபடவே, பார்க்கச் சுமார்தான், என்னை மயக்கும் அளவுக்கு அழகில்லை என்கிறான். அவள் பிறகு சொல்கிறாள்: அவருடைய கர்வத்தை எளிதாக மன்னித்திருப்பேன், என் கர்வத்தை அவர் 'மார்ட்டிஃபை' செய்யாமல் இருந்திருந்தால். துறவி தன் கையால் தன் பெருமையைக் கொன்றார். இங்கே கொல்பவன் டார்ஸி, சாவது எலிசபெத்தின் பெருமை. எழுவாய் மாறிவிட்டது, செயப்படுபொருள் மட்டும் இன்னும் பழையதே. சொல்லைச் சாவிலிருந்து அவமானத்துக்குத் தூக்கி வந்தது இந்தப் 'பெருமை'தான் என்பேன்.

அதற்குப் பிறகு பெருமையும் வாக்கியத்திலிருந்து உதிர்ந்தது. இன்றைய 'ஐ வாஸ் மார்ட்டிஃபைட்' என்பதில் கொன்றவர் யார் என்று இல்லை, எது செத்தது என்றும் இல்லை. 'நான்' மட்டும் இருக்கிறது. பொருளும் தேய்ந்துவிட்டது. வலுவான சொல்லைச் சின்ன விஷயத்துக்கும் எடுத்து எடுத்துப் புழங்கினால் இப்படித்தான் ஆகும். 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று பிரியாணியைப் பாராட்டும்போது அதில் பயம் எங்கே இருக்கிறது?

பழைய பொருள்கள் முழுக்கப் போய்விடவில்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில், அறப்பணிக்கு நிரந்தரமாக எழுதிவைத்த சொத்துக்கு 'மார்ட்டிஃபிகேஷன்' என்று பெயர். இனி யாருக்கும் கைமாறாது என்பதால் அது செத்த கையில் இருக்கும் சொத்து. அப்புறம், பிரெஞ்சுச் சமையலில் இறைச்சியை மென்மையாக்கச் சில நாள் தொங்கவிடுவதற்கும் இதே வினைச்சொல்தான்: கத்தியை வைத்ததும் மெத்தென்று இறங்கும்வரை அது கொக்கியில் தொங்கும்.