பச்சைக் கண்ணின் வேலை

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட மேசை விளையாட்டு வார்ஹேமர் 40,000. எதிர்காலப் போர்தான் கதை. வீரர்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், தனித்தனிப் பாகங்களாக வருவார்கள். ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் நம் பொறுப்பு.

35 மில்லிமீட்டர் உயர வீரனை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும், சராசரி உயரமுள்ள மனிதனை 50 மீட்டர் தூரத்தில் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். அத்தனை தூரத்தில் நிற்பவனின் சட்டைப் பொத்தான் நமக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று வருந்துவதும் இல்லை. பொம்மையிடம் மட்டும் கவசத்தின் மூட்டும் கண்ணின் மினுக்கும் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம். நல்ல பார்வை உள்ளவர் ஒரு மீட்டரில் பிரித்தறியக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். கவசத் தகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அதைவிடக் குறுகியதாக இருந்தால், அதன் இயல்பான நிழல் மங்கிக் கரைந்துபோகும். அதனால் பள்ளத்தில் இருட்டையும் விளிம்பில் வெளிச்சத்தையும் வண்ணத்தாலேயே மிகைப்படுத்தி வைக்கிறோம்.

சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என்று எதிர்நிறங்களைச் சேர்த்தாலே எடுப்பாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். என் முதல் வீரனுக்குச் சிவப்புக் கவசமும், அதே அளவு அடர்ந்த பச்சையில் மெல்லிய கோடுகளும் தீட்டினேன். கையில் வைத்துப் பார்த்தபோது ராஜா மாதிரி இருந்தான். மேசையில் வைத்துவிட்டு நான்கடி பின்னால் நகர்ந்தால் வறுத்த கருவாடு!

கருவாடானதற்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. நுண்ணிய விவரங்களைக் கண் பெரும்பாலும் வெளிச்சம், இருட்டு வேறுபாட்டைக் கொண்டே பிரிக்கிறது. நிற வேறுபாட்டில் அதற்கு அந்தக் கூர்மை கிடையாது. கைபேசிப் படங்களில் நிறத் தகவலைப் பாதி நுணுக்கத்தில் சேமித்தாலும் நாம் கண்டுபிடிக்காததற்கு இதுதான் காரணம். பச்சையும் சிவப்பும் பெரிய பரப்புகளாகப் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மெல்லிய கோடுகளானால் கண்ணுக்குள் கலந்து அழுக்காகிவிடும்.

பக்கத்து நிறம் செய்யும் இந்த மாயத்தை விரிவாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். பாரிஸின் கோபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை. அருகில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. 1839இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இருட்டையும் வெளிச்சத்தையும் கையால் ஏற்றப் பொறுமை இல்லாதவர்களுக்கு 2019இல் 'கான்ட்ராஸ்ட்' என்ற பெயிண்ட் வகை வந்தது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நீர்த்த வண்ணம் அது. வெளிர் நிற அடிப்பூச்சின்மேல் பூசினால் மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும். ஒளி அந்தப் படலத்துக்குள் இறங்கி, அடிப்பூச்சில் பட்டு, மறுபடி மேலேறுகிறது. ஒருமுறை கடக்கும்போது 70 சதவீதம் தப்பினால், திரும்பி வருவது 49 சதவீதம். படலம் இரு மடங்கு தடித்த இடத்தில் அது 24 ஆகிவிடும். ஒரே டப்பாவில் நிழலும் வெளிச்சமும் கிடைப்பது இப்படித்தான். தோலுக்கும் துணிக்கும் அருமை. அகன்ற தட்டையான கவசத்தில் திட்டுத்திட்டாக நிற்கும் என்பதால் நான் அங்கே பயன்படுத்துவதில்லை.

அப்படியானால் எதிர்நிறத்துக்கு எங்கே வேலை? இந்த விளையாட்டில் செங்கவசம் பூண்ட பிளட் ஏஞ்சல்ஸ் என்ற படையின் வீரர்களுக்குத் தலைக்கவசக் கண்களில் பச்சை தீட்டுவது வழக்கம். பரந்த சிவப்புக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் பச்சை. பார்வை நேரே முகத்துக்குப் போய்விடும். அந்தப் பச்சைக்குள்ளும் வெளிச்சம், இருட்டு விளையாட்டு உண்டு. முதலில் கண் முழுவதும் கரும்பச்சை, பிறகு கீழ் மூலையில் இளம்பச்சை, கடைசியாக அதற்கு எதிரே மேல் மூலையில் வெள்ளைப் புள்ளி. கண்ணாடிக் கல்லில் மேலிருந்து விழும் ஒளியில் கொஞ்சம் அங்கேயே பளிச்சிடும். மீதி உள்ளே நுழைந்து எதிர்ப்புறம் கீழே ஒளிரும். அதைத்தான் போலி செய்கிறோம். அந்த வெள்ளைப் புள்ளி வைக்கும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். தூரிகை நுனியில் உள்ள துளி வண்ணம், கண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துவிடுகிறது.